அர்ஜுனன் வைத்த ஜாயிண்ட்

விழுந்தது ஒன்று, செத்தது இரண்டு. ஐந்து வருஷமாக முனிராஜ் இதையே மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். பொம்மசந்திராவுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது உருட்டுவான். சாப்பிட உட்கார்ந்தால் உருட்டுவான். யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றவன், அப்புறம் எங்கே போய்ச் சொன்னாலும் எடுபடாது என்று அவனுக்குத் தெரியும்.

அவன் கையிலிருந்து ஒரு சென்சார் நழுவியது நிஜம். கீழே கோணி விரித்திருந்தது, அதன் மேல்தான் விழுந்தது. எடுத்துத் துடைத்து மாட்டினான். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அர்ஜுனன் அதைப் பார்த்தார். பன்னிரண்டு நாள் கழித்து வண்டி மறுபடி கறுப்பாகப் புகை கக்கியது. சந்தாபுரா இல்லத்து வாசலில் மேனேஜர் சேஷகிரி, டிரைவர், சக்கர நாற்காலியில் ஏழெட்டுப் பேர், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அர்ஜுனன் சொன்னார்:

"என் ஜாயிண்ட் நல்லா கீது சார். மாட்டறப்ப ஒண்ணு கீழ வுழுந்துச்சு."

அவ்வளவுதான். பொய் ஒன்றும் இல்லை. அதுதான் முனிராஜுக்கு ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம்.

அர்ஜுனன் ஜோகுபாளையத்து ஆள். அப்பா பட்டாளத்து மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்தவர். அர்ஜுனன் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, சிவாஜிநகரில் ரேடியோ ரிப்பேர் பண்ணிய ஒரு பாயிடம் சேர்ந்து, ரேடியோ போய் டேப் வந்த காலத்தில் லாரி வயரிங்குக்கு மாறியவர். பழைய மெட்ராஸ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற சந்தில் ஆறடிக்கு ஒரு கடை. சுவரில் புத்தர் படம் ஒன்று, பாபாசாகேப் படம் ஒன்று, நடுவில் பேட்டரி சார்ஜர். புத்த பூர்ணிமாவுக்குக் கடை மூடுவார். மற்றபடி பந்த் நடந்தாலும் பாதி ஷட்டர் திறந்திருக்கும்.

ரோட்டோரத்து வயர்மேன்கள் வயரின் தோலை உரித்து, முறுக்கி, டேப் சுற்றி அனுப்பிவிடுவார்கள். இரண்டு மழை பார்த்தால் செம்பு பச்சை பூத்து, ஹாரன் அடித்தால் வைப்பர் ஓடும். அர்ஜுனன் முறுக்கி விடுகிற ஆள் இல்லை. கட்டை விரல் நீள வயராக இருந்தாலும் சால்டர் வைத்துப் பற்றவைத்து, மேலே சீல் பேஸ்ட் பூசி, ஸ்லீவ் ஏற்றி, டேப் சுற்றித்தான் கொடுப்பார். கடைசியில் வயரைப் பல்லில் கடித்து ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். வயர் அறுந்து வந்தாலும் வரும், ஜாயிண்ட் வராது. அவர் வைத்த ஜாயிண்ட் திரும்பி வந்ததாக அல்சூர் பக்கம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பேர்தான் அவருக்குச் சொத்து. வீட்டுக்குக்கூட மனுஷன் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்ததில்லை என்று அவர் சம்சாரம் சந்திரம்மா சொல்லும்.

இன்னொன்று, வண்டிக்காரன் பெயர் அவருக்கு நிற்காது, முகமும் நிற்காது. வண்டி நம்பர் நிற்கும். பத்து வருஷம் முன்னால் வந்த டெம்போவை நம்பரை வைத்து, இடது பக்க இண்டிகேட்டருக்கு மஞ்சள் வயர் கிடைக்காமல் ஊதா போட்டது வரைக்கும் சொல்வார்.

முனிராஜுக்கு அவர் நாலு வயசு பெரியவர். எதிர்ச் சாரியில் முனிராஜுக்கு ஷெட். இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் முனிராஜ். வயர் என்று எது தெரிந்தாலும் அர்ஜுனன். பதினாலு வருஷம் இப்படி ஓடியது. நீ அடிக்கிற அடிக்குப் பயந்துதான்டா இன்ஜின் ஸ்டார்ட் ஆகிறது என்று அர்ஜுனன் கிண்டல் பண்ணுவார். நீ கடிக்கிற கடிக்கு வயருக்கு ஊசி போடணும் என்று முனிராஜ் திருப்பிக் கொடுப்பான். மதியச் சாப்பாடு ஒரே இடத்தில். சந்திரம்மா அனுப்புகிற கேரியரில் முனிராஜுக்கும் ஒரு கரண்டி கூடவே இருக்கும்.

சந்தாபுரா இல்லம் என்பது கட்டடத்திலிருந்தும் மரத்திலிருந்தும் விழுந்து முதுகெலும்பு ஒடிந்தவர்கள் இருக்கிற இடம். முப்பது பேர் இருப்பார்கள். அங்கே ஒரு ஜீப், ஒரு வேன், அப்புறம் அந்த டிரக். தொண்ணூற்று மூன்றில் வெளிநாட்டுச் சபைக்காரர்கள் கப்பலில் அனுப்பிய பெட்ரோல் டிரக் அது. ஸ்டியரிங் இடது பக்கம். பின்னால் தகரக் கூண்டு அடித்து, சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்வுப் பலகை வைத்திருந்தார்கள். செவ்வாயும் வெள்ளியும் ஆறு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வரும். நாற்காலியோடு ஏறக்கூடிய வண்டி அந்த இல்லத்தில் அது ஒன்றுதான். மூன்று வண்டிக்கும் வேலை முனிராஜிடம். மாசம் தவறாமல் வருகிற வேலை அது. அதை நம்பித்தான் அவன் ஷெட்டுக்குக் கூரை மாற்றினான்.

டிரக்கின் புகைக் குழாயில், இன்ஜினுக்கு இரண்டு பக்கமும், பக்கத்துக்கொன்றாக இரண்டு ஆக்சிஜன் சென்சார் இருந்தது. போகிற புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் அதிகமா கம்மியா என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சாமான். நம் ஊரில் அப்போது கிடைத்தது ஈயம் கலந்த பெட்ரோல். அதைக் குடித்துக் குடித்து இரண்டு சென்சாரும் எப்போதோ செத்துப்போயிருந்தன. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வருஷக்கணக்கில் எரிந்துகொண்டே இருந்தது. டிரைவர் அதன் மேல் சாமி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். வண்டி பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது, கறுப்பாகப் புகைத்தது, இழுத்துக்கொண்டு ஓடியது.

இரண்டாயிரத்தில் ஈயம் இல்லாத பெட்ரோல் எல்லா பங்கிலும் வந்துவிட்டது. எமிஷன் சர்டிபிகேட் இல்லாத வண்டியை போலீஸ் பிடிக்க ஆரம்பித்தது. சேஷகிரி சபைக்காரர்களுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதி, ஐந்து மாசம் காத்திருந்து, இரண்டு புதுச் சென்சார் வரவழைத்தார். இனிமேல் கேட்டால் தரமாட்டார்கள், பத்திரமாகப் பார்த்துக்கொள், ஜோப்பானா மாடி என்று கன்னடத்தில் இரண்டு தரம் சொல்லித்தான் அட்டைப் பெட்டியைக் கொடுத்தார். கூட வந்த அச்சடித்த காகிதத்தைத் தன் ஃபைலில் செருகிக்கொண்டார். வெளிநாட்டுக் காகிதம் எதையும் அவர் கையை விட்டு வெளியே அனுப்பியதில்லை. கொடுத்திருந்தாலும் இங்கே இங்கிலீஷ் படிக்கிறவன் யார்.

பழைய சென்சார் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. முனிராஜ் ராத்திரியே மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, காலையில் இன்ஜினைச் சூடு பண்ணி, ஸ்பானருக்குப் பின்னால் பைப் செருகித் தொங்கி இரண்டையும் கழற்றினான். புதுசில் வயர் நாலு நாலாக வெறும் நுனியோடு வந்திருந்தது, பிளக் இல்லை. பழையதிலிருந்து பிளக்கை வெட்டியெடுத்துப் புதுசோடு சேர்க்க வேண்டும். அதற்கென்று ஒரு சின்னப் பொட்டலத்தில் எட்டுச் செம்புக் குழாய் வைத்திருந்தான் கம்பெனிக்காரன். வயர் இரண்டையும் குழாய்க்குள் விட்டுக் குறட்டால் நசுக்கினால் போதும்.

அர்ஜுனன் அந்தக் குழாயை உள்ளங்கையில் கொட்டி உருட்டி உருட்டிப் பார்த்தார். இதைப் போட்டுத்தான் அனுப்பியிருக்கான், போட்டுப் பார்ப்பமா என்று கேட்டார். முனிராஜுக்குச் சிரிப்பு வந்தது. நசுக்குகிற வேலை சால்டர் பிடிக்கத் தெரியாதவனுக்கு அண்ணா, நம்ம ரோட்டில் மழையும் பள்ளமும் பார்த்தால் நாளைக்கே கழன்று வரும், நீ உன் மாதிரி அடி என்றான். அர்ஜுனனுக்கும் அது சரி என்றே பட்டிருக்க வேண்டும். எட்டு வயரையும் சால்டர் வைத்தார். சீல் பேஸ்டைக் கொஞ்சம் ஜாஸ்தியாகவே பூசினார். தண்ணி இல்லை, காத்துகூட இதுக்குள் போகாது என்று சொல்லி, கடித்து இழுத்துப் பார்த்துக் கொடுத்தார்.

வண்டி முதல் வாரம் பூவாட்டம் ஓடியது. புகை இல்லை. விளக்கு அணைந்தது. டிரைவர் ஸ்டிக்கரைப் பிய்த்து எறிந்தான். பன்னிரண்டாம் நாள் விளக்கு எரிந்தது. மீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு சென்சாரும் அசையவில்லை. முள் ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருக்க வேண்டும், அது கீழேயே படுத்துக் கிடந்தது. அன்றைக்குத்தான் அர்ஜுனன் அந்த வார்த்தையைச் சொன்னது.

சேஷகிரி கத்தவில்லை. சாவியை முனிராஜ் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாற்காலியில் இருந்த ஒருவன், அப்போ வெள்ளிக்கிழமை எப்படிப் போவது என்று டிரைவரைக் கேட்டான். டிரைவர் முனிராஜைப் பார்த்தான். அடுத்த வாரம் ஜீப்பும் வேனும் வேறு ஷெட்டுக்குப் போயின. எமிஷன் டெஸ்டில் தோற்ற டிரக்கை மரத்தடியில் நிறுத்தி, இரண்டு வருஷம் கழித்துத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். சாமானைக் கீழே போடுகிறவன் என்ற பேச்சு ஹொசூர் ரோட்டிலிருந்து அல்சூர் வரை முனிராஜுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. ஷெட்டை மூடிவிட்டு, பொம்மசந்திராவில் கம்பெனி வண்டிகள் நிறுத்துகிற யார்டில் கூலிக்கு ஃபிட்டராகப் போனான். அர்ஜுனனோடு பேச்சு இல்லை. சந்தில் எதிரே வந்தால் ஒருவர் சாக்கடைப் பக்கம் பார்ப்பார், இன்னொருவர் மின்கம்பத்தைப் பார்ப்பார். சந்திரம்மா மட்டும் தெருவில் கண்டால் நிறுத்தி, சாப்பிட்டியா தம்பி என்று கேட்கும்.

இரண்டாயிரத்து ஐந்தில், யார்டில் எல்லா ஃபிட்டர்களுக்கும் ஒரு நாள் கிளாஸ் வைத்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவன் ஹரிஷ்குமார் என்று ஒரு இன்ஜினியர். முனிராஜ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்துக்குக் காத்திருந்தான். ஹரிஷ்குமார் ஆக்சிஜன் சென்சாரைக் கையில் எடுத்துக் காட்டினான். இது புகைக் குழாயில் போகிற புகையையும் வெளிக் காற்றையும் ஒத்துப் பார்த்துத்தான் கணக்குச் சொல்லும், அந்த வெளிக் காற்று எந்த வழியாக உள்ளே போகிறது தெரியுமா என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. வயர் வழியாக, என்றான். வயருக்குள் இழைக்கு இழை இருக்கிற இடுக்கில் காற்று போய் வருகிறது. அதனால் இதில் மட்டும் சால்டர் வைக்கக் கூடாது, நசுக்குகிற குழாய்தான் போட வேண்டும். சால்டர் வைத்து அடைத்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

முனிராஜ், மறுபடி சொல்லுங்க சார் என்று எழுந்து நின்று கேட்டான். ஹரிஷ்குமார் மறுபடியும் அதையே சொன்னான்.

அன்று சாயங்காலம் முனிராஜ் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஜோகுபாளையம். அர்ஜுனன் கடை வாசலில் பெஞ்சுப் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார், கால் இரண்டும் வீங்கியிருந்தது. சர்க்கரை முற்றி கிட்னியைப் பிடித்திருந்தது முனிராஜுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு நின்றிருப்பானா என்பது சந்தேகம். டீக்கடையில் நாலு ஆட்டோக்காரர்கள் இருந்தார்கள். முனிராஜ் அவர்களுக்கும் கேட்கிற மாதிரியே பேசினான்.

"விழுந்தது ஒண்ணு. ரெண்டு எப்படிண்ணா சாவும்? சால்டர் வெச்சுக் கொன்னது நீ. வயர் வழியாத்தான் அது மூச்சு விடுது. உன் ஜாயிண்ட்தான் கொன்னுச்சு, என் கை இல்ல."

அர்ஜுனன் கோபப்படவில்லை. ஆட்டோக்காரர்கள் பக்கம் திரும்பவும் இல்லை. எதற்காக வந்தான் என்பதையே மறந்தவர் மாதிரி, வேறொன்றைக் கேட்டார்.

"மூச்சு விடுதா? வயர் வழியாவா?"

உள்ளே கூப்பிட்டார். முனிராஜ் ஐந்து வருஷம் கழித்து அந்தக் கடைக்குள் கால் வைத்தான். அர்ஜுனன் ஒரு முழம் வயரை வெட்டி, ஒரு நுனியை டம்ளர் தண்ணீரில் விட்டார். அடுத்த நுனியை ரப்பர் குழாய்க்குள் செருகி நூல் சுற்றிக் கட்டி, சைக்கிள் பம்பை மாட்டி, அமுக்கு என்றார். முனிராஜ் அமுக்கினான். டம்ளரில் வயர் நுனியிலிருந்து கடுகு மாதிரி ஒரு குமிழி வந்தது. அப்புறம் இன்னொன்று. வரிசையாக வந்தது.

அர்ஜுனன் வயரை நடுவில் வெட்டினார். சால்டர் வைத்தார். வேலை அதே வேலை. பேஸ்ட் பூசி, ஸ்லீவ் ஏற்றி, டேப் சுற்றி, பேஸ்ட் இறுகும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி அமுக்கு என்றார். முனிராஜ் முழு பலத்தோடு அமுக்கினான். பம்பு எதிர்த்துத் தள்ளியது. டம்ளரில் தண்ணீர் அசையாமல் நின்றது.

அர்ஜுனன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு தடவை, என்றார். அதன்பிறகு இன்னும் ஒரு தடவை. மூன்றாம் தடவைக்குப் பிறகு பம்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முனிராஜ் எழுந்து வெளியே வந்தான். ஐந்து வருஷம் சுமந்ததை இறக்கிவிட்டோம் என்று உடம்பு லேசாகியிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. அல்சூர் ஏரி வரைக்கும் நடந்திருப்பான், அங்கே வந்ததும் கால் நின்றுவிட்டது. குழாயைப் போட்டுப் பார்ப்பமா என்று கேட்டது யார்? உன் மாதிரி அடி என்று சொன்னது யார்? ஆட்டோக்காரர்கள் முன்னால் அர்ஜுனன் அந்த ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொல்லியிருந்தால் முனிராஜ் முகம் எங்கே போயிருக்கும்? மனுஷன் மறந்துபோயிருக்கலாம். நம்பரையும் வயர் நிறத்தையும் மறக்காதவர் இதை மறந்திருப்பாரா?

ஒரு வாரம் கழித்து சந்திரம்மாவே யார்டுக்கு போன் பண்ணியது. அவர் கடையைத் திறக்கிறதில்லை, ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேன் என்கிறார், உன்னைக் கூப்பிடுகிறார் என்றது. போனான். அர்ஜுனன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நோட்டும் பேனாவும் கொண்டுவந்தாயா என்றார். எதற்கு என்று புரியாமல், சந்திரம்மா கொடுத்த காலண்டர் தாளின் பின்பக்கத்தை முனிராஜ் மடியில் வைத்துக்கொண்டான்.

"எழுதிக்கோ. ஏழாயிரத்து முப்பத்தொண்ணு. செகப்பு, சின்னக் காரு. டாக்டரம்மாளுது, இந்திராநகர். எலி கடிச்ச வயரு, ரெண்டு ஜாயிண்ட்."

அப்போதுதான் முனிராஜுக்கு உறைத்தது. இந்த ஐந்து வருஷத்தில் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் அந்தச் சென்சார் வந்துவிட்டது. எலி கடித்ததென்றும், சூட்டில் உருகியதென்றும் வந்த வண்டிகளுக்கெல்லாம் அர்ஜுனன் அந்த வயரிலும் சால்டர் வைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு நம்பர் நம்பராகச் சொன்னார். பதினொரு வண்டி. பாதியில் மூச்சு வாங்கியது, சந்திரம்மா தண்ணீர் கொடுத்தது, குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து சொன்னார். ஒவ்வொருவரிடமும் போய், அந்த ஜாயிண்டை வெட்டிக் குழாய் போட்டுக் கொடு, சென்சார் செத்திருந்தால் சொல்லிவிட்டு வா என்றார்.

முனிராஜ் காகிதத்தை மடித்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கு சால்டர் வைன்னு சொன்னது நான்தாண்ணா."

"தெரியும்." அர்ஜுனன் கண்ணைத் திறக்கவில்லை. "நீ சொன்னே. கை என்னுது."

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமை முனிராஜ் அலைந்தான். இரண்டு வண்டி விற்றுப்போயிருந்தது. ஒன்று விபத்தில் போயிருந்தது. மீதி எட்டில் மூன்றில் சென்சார் செத்திருந்தது. மீதி வயர் வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஐந்துக்கு ஜாயிண்டை வெட்டிக் குழாய் நசுக்கினான். டாக்டரம்மா, ஏதோ பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கிறதென்று மூன்று மெக்கானிக்கிடம் காட்டியதாகச் சொன்னார்; ஏன் இதைப் பிரிக்கிறாய், அர்ஜுனன் வேலை ஆயிற்றே என்று கேட்டார். ஜாயிண்ட் தப்பு என்று சொல்ல முனிராஜுக்கு வாய் வரவில்லை. கம்பெனிக்காரன் இப்போ ரூலை மாத்திட்டான்மா, அர்ஜுனண்ணன்தான் பார்த்துக் கொடுக்கச் சொன்னார் என்றான். அந்த வார்த்தை நன்றாக இருந்தது. எட்டு வீட்டிலும் அதையே சொன்னான். எட்டுப் பேரும் அர்ஜுனனைப் புகழ்ந்தார்கள். இந்தக் காலத்தில் யார் இப்படி ஆள் அனுப்புகிறார்கள் என்று ஒருவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

சந்தாபுராவுக்கு மட்டும் அவன் போகவில்லை. அந்த வண்டிதான் துண்டாகிப் போய்விட்டதே, அங்கே பிரிக்க என்ன இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அங்கே போனால் தன் பேரைத் துடைத்துக்கொள்ளலாம் என்பதும் தெரியும். துடைத்த கையோடு, குழாயை வேண்டாம் என்றது யார் என்பதையும் சொல்ல வேண்டிவரும் என்பதும் தெரியும்.

நாலாவது ஞாயிறு மத்தியானம் அர்ஜுனன் வீட்டுக்குப் போனபோது முகம் ஊதியிருந்தது. பேச்சு ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் இடையில் நின்று நின்று வந்தது. டாக்டர் நாள் சொல்லிவிட்டதாக வாசலிலேயே சந்திரம்மா சொன்னது. அழவில்லை, சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டது. முனிராஜ் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகக் கணக்குச் சொன்னான். செத்தது மூன்று, பிழைத்தது ஐந்து. அர்ஜுனன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எல்லாம் முடிந்ததும் கேட்டார்: "எதுக்குப் பிரிக்கிறேன்னு கேட்டிருப்பாங்களே. இன்னா சொன்னே?"

முனிராஜ் சொன்னான். கம்பெனி ரூல் மாற்றிவிட்டதென்று சொன்னதையும், எல்லோரும் புகழ்ந்ததையும், டீ வாங்கிக் கொடுத்ததையும் சொன்னான். சந்தோஷப்படுவார் என்று நினைத்தான்.

அர்ஜுனன் கட்டில் சட்டத்தைப் பிடித்து நிமிர்ந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. முனிராஜ் முதுகைத் தாங்கிப் பிடித்தான். சட்டைக்குள் எலும்பு கையில் தட்டியது.

"ரூல் மாறலடா. அன்னிக்கும் அதேதான். அவன் குழாய் வெச்சுத்தானே அனுப்புனான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "டாக்டரம்மா அதை இன்னொரு வயர்மேன்கிட்ட சொல்லும். அந்த ஆளு இன்னா நெனப்பான்? பழைய வண்டிக்கு வைக்கலாம், புது வண்டிக்குத்தான் வைக்கக் கூடாதுன்னு நெனப்பான். வைப்பான்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது, சந்திரம்மா கேட்டுக்கொண்டிருந்தது.

இருக்கிற நாளே இவ்வளவுதான் எனும்போது எதற்கு அண்ணா இதெல்லாம், உன் பேர் நல்லபடியாக இருக்கட்டுமே என்றான் முனிராஜ். அதற்கு அவர் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்பது போல. கையால் முனிராஜின் சட்டைப் பையைத் தொட்டார். காலண்டர் தாள் அதில்தான் இருந்தது.

"மறுபடி போ. எட்டு வீட்டுக்கும் போ. மொதல்ல சந்தாபுரா போ, சேஷகிரி சார்கிட்ட. அர்ஜுனன் வெச்ச ஜாயிண்ட் தப்பு, அதான் கெட்டுச்சு, அப்படின்னு சொல்லு. என் பேரச் சொல்லிச் சொல்லு."

முனிராஜ் சரி என்றான். ஐந்து வருஷமாக ஊரைக் கூட்டிச் சொல்லத் துடித்த அதே வார்த்தைதான் அது. இப்போது வாயில் எங்கேயோ ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

அர்ஜுனன் அவன் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை என்று தெரிந்தது.

"நீ அங்க போய் வேற ஏதாவது சொல்லுவே. எங்க, இங்கியே ஒரு தடவ சொல்லிக் காட்டு. நான் கேக்கறேன்."